அண்ணாமலைப் பாறையில் இரு குடிகள்

ரமணாசிரமத்தின் பின்வாசலைத் தாண்டியதும் ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறும் கல்பாவிய பாதை தொடங்குகிறது. ஏறுகிறவர்கள் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் ஊர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். அருணாசலேஸ்வரர் கோயிலின் கோபுரங்கள் ஒருசேரத் தெரியும் இடம் வந்தால் கைப்பேசிகள் வெளியே வரும். முதுகுக்குப் பின்னால் இருக்கும் பாறையை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மழைக்காலத்தில் யாருக்காவது கால் வழுக்கினால், "பாசி இருக்கு, பார்த்து வாங்க" என்று ஒரு குரல் வரும். அத்தோடு சரி.

அந்தப் பாசிக்குள் இரண்டு பெரிய குலங்கள் அடங்கியிருக்கின்றன. பாடநூல்கள் ஒன்றை லைக்கன் என்கின்றன, மற்றதை மாஸ் என்கின்றன. இங்கும் அப்படியே வைத்துக்கொள்வோம். இரண்டும் கல்லில் ஒட்டும். இரண்டுக்கும் வேர் கிடையாது, பூ கிடையாது, விதை கிடையாது. கோடையில் செத்ததுபோல் கிடந்து மழையில் எழுவதிலும் இரண்டும் ஒன்றுதான். ஆனால் உறவுமுறை பார்க்கப் போனால் மாஸுக்கு லைக்கனைவிட ஆலமரம் கிட்டத்துச் சொந்தம். லைக்கனின் உடம்பில் பெரும்பகுதி பூஞ்சை. அந்தப் பூஞ்சைக்கு மாஸைவிட மனிதர்கள் கிட்டத்துச் சொந்தம். ஒரே கல்லில் ஒரு சாண் இடைவெளியில் வாழ்கிற இரண்டு உயிர்களுக்கு நடுவே இவ்வளவு தூரம்.

லைக்கன் என்றால் என்ன என்று பார்க்க மலையேற வேண்டியதில்லை. சமையலறைக்குப் போனால் போதும். பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் தாளிக்கிற கல்பாசி ஒரு லைக்கன்தான். பார்மோட்ரீமா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. பெயரில் கல் இருந்தாலும் கடைக்கு வருவதில் பெரும்பகுதி மலைக்காட்டு மரப்பட்டையிலிருந்து உரித்தெடுத்தது. ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். மேல்பக்கம் சாம்பல் நிறம், கீழ்ப்பக்கம் கறுப்பு. கிழித்து விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தால் நடுவே மெத்தென்று ஒரு வெள்ளை அடுக்கு. அந்த வெள்ளையும், மேலும் கீழும் உள்ள தோலும் பூஞ்சை இழைகளால் ஆனவை. மேல்தோலுக்குச் சற்றுக் கீழே ஒரு மெல்லிய பச்சை வரி ஓடும். சரக்கு புதிதாக இருந்து, கையில் நல்ல லென்ஸும் இருந்தால் கண்ணுக்கு அகப்படும். அங்கேதான் ஆல்கா செல்கள் குடியிருக்கின்றன. வெயிலை வாங்கிச் சர்க்கரை செய்வது அவற்றின் வேலை. வீடு கட்டுவதும், ஈரத்தைப் பிடித்து வைப்பதும், கடும் வெயிலுக்குத் திரை போடுவதும் பூஞ்சையின் வேலை. செய்த சர்க்கரையில் பெரும்பங்கு பூஞ்சைக்குப் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, லைக்கனுக்கு வைக்கும் அறிவியல் பெயரும் சட்டப்படி அந்தப் பூஞ்சையின் பெயர்தான். ஆல்காவுக்கு அதில் பங்கில்லை.

இப்படி இருவர் சேர்ந்த உடம்பு இது என்று 1867இல் முதலில் சொன்னவர் சுவிட்சர்லாந்தின் தாவரவியலர் சைமன் ஷ்வெண்டனர். பூஞ்சையை எஜமானனாகவும் ஆல்காவை அடிமைகளாகவும் அவர் வர்ணித்தார். அன்றைய லைக்கன் நிபுணர்களுக்கு இது பிடிக்கவில்லை. காலமெல்லாம் ஒரு தாவரம் என்று நம்பி வகைப்படுத்தியதை, ஒருவர் வந்து கூட்டுக் குடித்தனம் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? கடுமையாக எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர் வில்லியம் நைலாண்டர், பாரிஸில் வாழ்ந்த ஃபின்லாந்துக்காரர். லைக்கன்மீது பொட்டாஷ் கரைசல் ஒரு சொட்டு விட்டு, மாறும் நிறத்தைக் கொண்டு இனம் காணும் முறையைத் தந்தவர் அவர். அந்தச் சோதனையை இன்றும் செய்கிறார்கள். லைக்கனை அவ்வளவு நெருங்கிப் பார்த்தவர், அதற்குள் இருவர் இருப்பதை 1899இல் இறக்கும்வரை ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் இருவர் என்பதும் போதாமல் போனது. 2016இல் டோபி ஸ்பிரிபில்லும் குழுவினரும் பல லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒன்றும் குடியிருப்பதைக் கண்டு சொன்னார்கள். எல்லா லைக்கன்களிலும் அது இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் ஒன்றரை நூற்றாண்டுக் கணக்கு கலைந்துவிட்டது.

மாஸ் இந்த விஷயத்தில் எளிமையானது. கூட்டாளி யாரும் கிடையாது. அது முழுக்க முழுக்கத் தாவரம். சின்னத் தண்டு, அதைச் சுற்றி இலைகள். இலையின் தடிமன் பெரும்பாலும் ஒரே ஒரு செல்தான். நரம்புக்குழாய் வசதி பெயரளவுக்குத்தான், பலவற்றில் அதுவும் இல்லை. எனவே தண்ணீரை மேலே ஏற்றும் வித்தை தெரியாது; உயரமாக வளரவும் முடியாது. அடியில் உள்ள இழைகள் கல்லைப் பிடித்துக்கொள்ள மட்டுமே. தண்ணீர் இலை வழியாகவே உள்ளே போகிறது, இலை வழியாகவே வெளியே போகிறது. தனித்தனியாக நின்றால் அரை மணியில் காய்ந்துவிடும் என்பதால் நெருக்கியடித்து மெத்தையாக வளர்கிறது. தண்டுக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள நூலளவு இடைவெளிதான் அதன் தண்ணீர்த் தொட்டி.

இரண்டையும் கையோடு பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. காய்ந்த நாளில் குடிதண்ணீர் பாட்டிலிலிருந்து இரண்டின்மீதும் சில சொட்டுகள் விடுங்கள். லைக்கன் சில நொடிகளில் நிறம் மாறும். சாம்பலுக்குள்ளிருந்து பச்சை எட்டிப் பார்க்கும். மேல்தோல் நனைந்தவுடன் கண்ணாடியாகி, உள்ளே இருக்கும் ஆல்காவைக் காட்டிவிடுகிறது. உருவம் மட்டும் மாறுவதில்லை. மாஸில் நடப்பதோ அசைவு. நம் ஊர்ச் சுவர்களிலும் படித்துறைகளிலும் சாதாரணமாகக் காணப்படும் ஹையோஃபிலா என்ற மாஸ், காய்ந்தால் இலைகளை வெற்றிலை மடிப்பதுபோல் உள்நோக்கிச் சுருட்டிக்கொள்ளும். தண்ணீர் பட்டதும் ஒவ்வொன்றாக விரிந்து, பழுப்பாகக் கிடந்த திட்டு நம் கண்முன்னே நட்சத்திர நட்சத்திரமாகப் பச்சையாகிவிடும். இலை என்று ஒன்று தெரிந்தால் அது மாஸ். இலையே இல்லாமல் பாறையோடு பாறையாகச் சாயம் அடித்ததுபோல் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் லைக்கன்.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், அண்ணாமலையில் மூன்றாவதாக ஒருவரும் உண்டு. மழைநீர் வழிந்தோடிய தடத்தில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் இறங்கியிருக்கும். வெப்பநாட்டுக் கருங்கல் குன்றுகளில் உலகெங்கும் இந்தப் பட்டைகள் உண்டு. அவை சயனோபாக்டீரியா என்ற நீலப்பசும் நுண்ணுயிர்களின் படலம். வெயிலைத் தாங்க அவை தம்மைச் சுற்றிப் பூசிக்கொள்ளும் பழுப்பு நிறமிதான் பாறையைக் கறுக்க வைக்கிறது. இதே நுண்ணுயிர்களை ஆல்காவுக்குப் பதிலாக உள்ளே வைத்துக்கொண்ட லைக்கன்களும் இருக்கின்றன. பெல்டுலா என்ற ஆலிவ் நிறச் செதில் அப்படிப்பட்டது. கொதிக்கும் பாறைதான் அதற்குப் பிடித்த இடம். இதையெல்லாம் படித்துவிட்டு மலையுச்சிக்குப் போய், அங்கே உள்ள கறுப்பையும் சயனோபாக்டீரியா என்று எண்ணிவிடக் கூடாது. அது கார்த்திகைதோறும் கொப்பரையில் எரியும் தீபத்தின் நெய்யும் கரியும்.

கல்லில் எது எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். எவ்வளவு தண்ணீர் என்பதைவிட எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதே பெரிது. திருவண்ணாமலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மி.மீ. மழை உண்டு. ஆனால் சரிவான வெற்றுக் கருங்கல்லில் விழும் மழை நிற்பதில்லை. பெய்து ஓய்ந்து வெயில் வந்தால் ஒரு மணி நேரத்தில் பாறை உலர்ந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் பிழைப்பை முடித்துக்கொள்ளத் தெரிந்தது லைக்கன். மழைகூட வேண்டியதில்லை. ஓட்டோ லாங்கே என்ற ஜெர்மானியத் தாவரவியலரும் சகாக்களும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், பச்சை ஆல்காவை வைத்திருக்கும் லைக்கன்கள் காற்றின் ஈரப்பதத்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டே ஒளிச்சேர்க்கையைத் தொடங்குவது தெரிந்தது. சயனோபாக்டீரியாவை வைத்திருப்பவற்றுக்கு அது போதாது, சொட்டாகத் தண்ணீர் வேண்டும். நீர் வழியும் தடத்தைப் பின்னவை பிடித்துக்கொள்வதும், மழை ஒழுகாத பாறைமுகங்களில்கூட முன்னவை ஒட்டியிருப்பதும் இதனால்தான். மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனி இறங்கும் விடியற்காலையில், வெயில் ஏறும்வரை உள்ள சிறு பொழுதுதான் வறண்ட பாறையின் லைக்கனுக்கு வேலை நேரம். மீதி நாள் முழுக்க உறக்கம்.

அப்படியானால் எப்போதும் ஈரமாக இருக்கும் இடம் லைக்கனுக்குச் சொர்க்கமாக இருக்க வேண்டுமே? இல்லை. ஊறிப்போன லைக்கனுக்குள் கரியமில வாயு நுழைவது சிரமம். இடைவெளிகளில் தண்ணீர் அடைத்துக்கொள்ள, உள்ளே இருக்கும் ஆல்கா வெயில் இருந்தும் பட்டினி கிடக்கும். இன்னொரு நஷ்டமும் உண்டு. நனைந்திருக்கும் நேரமெல்லாம் உயிருக்கு மூச்சுச் செலவு இருக்கிறது. வரவு பகலில் மட்டும்தான். இரவும் புழுக்கமாக இருக்கும் சமவெளியில் இரவு மழை பெய்தால் செலவு கூடி, சம்பாதித்தது கரையும். கல்பாசி போன்ற பெரிய இலைவடிவ லைக்கன்கள் கொல்லிமலை, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த உயரங்களில் செழிப்பதற்கும், திருவண்ணாமலை போன்ற ஊரில் தட்டையான பொருக்கு வகைகளே மிகுந்திருப்பதற்கும் ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியமான காரணம் இந்த இரவுச் செலவுதான். மாஸுக்கும் இதே கணக்கு பொருந்தும். ஊட்டியின் மரங்களில் கையளவு தடிமனில் தொங்குவது, நம் ஊரில் சுவரோரம் விரல் அகலத் திட்டாக ஒடுங்கிவிடுகிறது.

ஆனால் மாஸுக்கு லைக்கனுக்கு இல்லாத ஒரு கட்டாயம் இருக்கிறது. அதன் ஆண் இனச்செல் நீந்திப் போய்த்தான் முட்டைச்செல்லை அடைய வேண்டும். மகரந்தம்போல் காற்றில் பறக்கும் வசதி இல்லை. அதற்கென்று ஒரு தண்ணீர்ப் படலம் வேண்டும், அது செடிக்குச் செடி இடைவிடாமல் இருக்கவும் வேண்டும். சில சென்டிமீட்டருக்கு மேல் நீந்த முடிவதில்லை. மண்ணில் வாழும் நுண்ணிய துள்ளுபூச்சிகளும் சிற்றுண்ணிகளும் அவற்றைச் சுமந்து செல்வதுண்டு என்று 2006இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது கிடைத்தால் லாபம். கருவுற்றபின் மாஸின் தலையிலிருந்து ஒரு காம்பு எழும்பி, நுனியில் ஸ்போர்ப் பை தொங்கும். கார்த்திகை, மார்கழியில் ஈரச் சுவரில் முடிமுடியாக நிற்பவை இவைதான். அந்தக் காம்பும் பையும் அடுத்த தலைமுறை. தாயின் உச்சந்தலையில் ஊன்றி நின்று, தாயிடமே சாப்பாடு வாங்கிக்கொண்டு, ஸ்போர்களைக் கொட்டிவிட்டுக் கருகிவிடும்.

லைக்கனின் இனப்பெருக்கம் வேறு மாதிரியான சிக்கல். பூஞ்சை தன் ஸ்போரைக் காற்றில் அனுப்பலாம். ஆனால் போய் விழுகிற இடத்தில் பொருத்தமான ஆல்கா இல்லையென்றால் அந்த ஸ்போருக்கு எதிர்காலம் இல்லை. அதனால் பல லைக்கன்கள் குறுக்குவழி கண்டிருக்கின்றன: நாலைந்து ஆல்கா செல்களைப் பூஞ்சை இழையில் பொதிந்து, மாவுபோன்ற துகளாக உதிர்த்துவிடுகின்றன. காற்றோ எறும்போ எடுத்துப்போனால் குடித்தனம் முழுசாகவே இடம் மாறிவிடும்.

இதை மனத்தில் வைத்து மலையைப் பார்த்தால் அது தண்ணீரின் வரைபடமாகத் தெரியும். ஸ்கந்தாசிரமத்தில் வற்றாத சுனை உண்டு; ரமணர் 1916 முதல் 1922 வரை அங்கே வாழ்ந்ததற்கு அந்தச் சுனையும் ஒரு காரணமாக இருந்திருக்கும். நிழலும் கசிவும் சேர்ந்த அத்தகைய இடுக்குகளும், படிக்கல்லின் வடக்குப் பக்கமும், கல்லும் கல்லும் கூடும் சந்தும் மாஸ் தேடும் இடங்கள். நாளெல்லாம் வெயில் அடிக்கும் உருண்டைப் பாறையின் முதுகு லைக்கனுக்கு. கல்லின் குணமும் கொஞ்சம் பேசுகிறது: கருங்கல் அமிலத்தன்மை கொண்டது, சுண்ணாம்புச் சாந்து காரத்தன்மை கொண்டது. ஹையோஃபிலா சுண்ணாம்பை விரும்புவது. சாந்தும் செங்கலும் ஈரத்தை இழுத்து வைப்பதால் அதற்கு இரட்டை லாபம். கருங்கல் சுவர் வெறுமையாக இருக்க, கற்களுக்கிடையில் பூசிய சாந்துக் கோடு மட்டும் பச்சையாகத் தெரிவதைப் பழைய மண்டபங்களில் பார்த்திருப்பீர்கள்.

பாடநூல்கள் இன்னொரு கதை சொல்லும்: வெறும் பாறையில் முதலில் லைக்கன் வரும், அது அமிலம் சுரந்து கல்லைப் பொடிக்கும், பிறகு மாஸ் வந்து மண் சேர்க்கும், பிறகு புல், புதர், மரம். படமாகப் போட அழகாக இருக்கும். மலையில் இப்படி வரிசையில் நின்று யாரும் வருவதில்லை. விரிசலில் கொஞ்சம் புழுதி சேர்ந்தால் மாஸோ புல்லோ நேராகவே வந்துவிடும், லைக்கனின் அனுமதிக்குக் காத்திருக்காது. செங்குத்துப் பாறையில் லைக்கன் மட்டுமே இருக்கும், நூறு ஆண்டு கழித்தும் அதுவே இருக்கும். பூமியின் வரலாற்றிலும் லைக்கன்தான் நிலத்தின் முதல் குடி என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. 2019இல் மேத்யூ நெல்சனும் சகாக்களும் லைக்கன் பூஞ்சைகளின் மரபுத் தடத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, நீர்க்குழாய் கொண்ட செடிகள் தோன்றியதற்குப் பிறகே இன்றைய லைக்கன் குலங்கள் தோன்றியதாகத் தெரிந்தது. மாஸின் மூதாதையர் அதற்கு முன்பே கரையேறிவிட்டவர்கள்.

1980களின் இறுதியிலிருந்து அண்ணாமலையில் மரம் நட்டு வருகிறார்கள்; கோடை தோறும் காய்ந்த புல்லில் பற்றும் தீயைத் தடுக்கத் தடுப்புக்கோடு வெட்டுகிறார்கள். தீயின் சூட்டில் பாறையின் மேற்பரப்பே செதில் செதிலாக உரிந்துவிடும். அதோடு லைக்கனும் போகும். மில்லிமீட்டர் கணக்கில் வளர்வது திரும்பி வர எத்தனை தலைமுறை ஆகுமோ. மாஸ் அவ்வளவு நிதானம் இல்லை. கல்லூரியில் தாவரவியல் படித்தவர்கள் செய்முறைத் தேர்வில் அறுத்துப் பார்த்த ஃபியூனேரியா, தீ எரிந்த சாம்பல்மேட்டில் முதலில் தலைகாட்டும் மாஸ்களில் ஒன்று. மரங்கள் வளர்ந்து நிழல் கூடினால் பாறையின் ஈரம் நீடிக்கும். மாஸின் கை ஓங்கும், வெயில் விரும்பும் பொருக்கு லைக்கன்கள் பின்வாங்கும். மலை பசுமையாவதில் அவற்றுக்கு நஷ்டம்தான். யாரும் அதைப் பற்றிக் கவலைப்படப் போவதில்லை.

கிரிவலப் பாதையின் மரங்களுக்கு வேறு கதை. வேர் இல்லாத, மெழுகுத்தோல் இல்லாத லைக்கன், காற்றில் வருவதையெல்லாம் உள்ளே வாங்கிக்கொள்கிறது. பாரிஸின் லக்சம்பர்க் பூங்காவில் இருந்த லைக்கன்கள் நகரின் மற்ற இடங்களில் இல்லாததைக் கண்டு, இவை காற்றின் சுத்தத்தை அளக்கும் கருவி என்று 1866இல் எழுதியவரும் அதே நைலாண்டர்தான். நம் சமவெளிகளில் சாலையோர மரங்களில் தாக்குப்பிடிக்கும் இனம் பிக்ஸீன் கோகோஸ்: பட்டையில் நாணய அளவில் ஒட்டியிருக்கும் சாம்பல் வெள்ளை ரோஜா. புகையையும் புழுதியையும் பொறுத்துக்கொள்ளும். இதை மட்டுமே எங்கும் கண்டால் அந்தச் சாலையின் காற்றைப் பற்றி மகிழ ஒன்றுமில்லை. இனத்தை உறுதிசெய்ய ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அதன்மேல் அடித்தால், தோலில் உள்ள லைக்கஸாந்தோன் என்ற பொருள் பளிச்சென்று மஞ்சளாக ஒளிரும். இத்தகைய ரசாயனங்கள் லைக்கன்களில் நூற்றுக்கணக்கில் உண்டு. பள்ளி ஆய்வகத்தில் அமிலம், காரம் பார்த்த லிட்மஸும் லைக்கனிலிருந்து வந்த சாயம்தான். அதற்குப் பயன்பட்ட ரொசெல்லா இனத்தின் உறவினர் தமிழ்நாட்டுக் கடலோர மரங்களில் தொங்குகிறது.

கோயில்களில் திருப்பணி வரும்போது இந்த இரண்டு குடிகளுக்கும் சேர்த்தே நோட்டீஸ் போகிறது. கல்லைத் தேய்த்துப் புதிதாக்கினால்தான் வேலை நடந்ததாக நமக்குத் திருப்தி. கல்லை நினைத்தால் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். லைக்கன் ஆக்ஸாலிக் அமிலம் சுரக்கிறது, அதன் இழைகள் கல்லின் மணிகளுக்கிடையே சில மில்லிமீட்டர்வரை இறங்குகின்றன, நனைந்து உப்பிக் காய்ந்து சுருங்கும்போது மணிகளை இழுக்கின்றன. உண்மைதான். ஆனால் ஊன்றிவிட்ட லைக்கனைக் கம்பித் தூரிகையால் சுரண்டினால் அந்த மணிகளும் கூடவே வந்துவிடும். சிற்பத்தின் கூர்மை ஒரே நாளில் போகும். சில இடங்களில் லைக்கன் மூடிய கல், மழை நேரடியாக அடிக்கும் கல்லைவிட மெதுவாகவே தேய்கிறது என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறை கம்போடியாவின் அங்கோர் வாட்டில் அம்மோனியாவும் பாசிக்கொல்லியும் கொண்டு கல்லைத் தேய்த்துக் கழுவியது. அது கல்லின் மேற்பரப்பைக் கெடுத்துவிட்டது என்று வல்லுநர்கள் பலர் கண்டித்தார்கள். அங்கே இருந்தது மணற்கல், இங்கே இருப்பது கருங்கல் என்ற வேறுபாடு நமக்குக் கொஞ்சம் அவகாசம் தருகிறது, அவ்வளவுதான்.

மாஸுக்கு அமிலப் பழி அவ்வளவு இல்லை. அது செய்வது வேறு: ஈரத்தையும் புழுதியையும் சந்துகளில் பிடித்து வைக்கிறது. காக்கை எச்சத்தில் வரும் அரச விதைக்கு அதைவிட நல்ல நாற்றங்கால் கிடையாது. அரசங்கன்று விரல் தடிமன் ஆனபின் வெட்டினால் வேர் உள்ளேயே தங்கித் திரும்பத் தளிர்க்கும்; அந்த வேர்தான் கோபுரத்தின் செங்கலைப் பிளப்பது. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்த கையோடு, சந்துகளில் உள்ள மாஸை மரக்கரண்டியால் வழித்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்தை அடைத்தால் போதும். வெற்றுக் கருங்கல்லில் இருக்கும் வெளிறிய வட்டங்களை அப்படியே விட்டுவிடலாம்.